கிளாரா கத்துவதில்லை

ஆகஸ்ட் 7, நாகசாகி

திருமதி மோட்டோமுரா சுமியே அவர்களுக்கு,

வணக்கம். வீடு வீடாகப் போகும் சுற்றறிக்கைப் பலகை இன்று காலை என் வாசலுக்கு வந்தது. குப்பை எடுக்கும் நாள் மாறியிருப்பதற்கும் கல்லறைப் பாதையைத் துப்புரவு செய்வதற்கும் இடையில் ஒரு வரி இருந்தது: வீட்டு விலங்குகளின் சத்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் போடவில்லை. இந்தப் படிக்கட்டு வரிசையில் விலங்கு வளர்ப்பவள் நான் ஒருத்திதான் என்பதால் பெயர் தேவைப்படவும் இல்லை. மதியத்துக்குள் ஓசாகாவிலிருந்து என் மகளின் தொலைநகலும் வந்துவிட்டது. "அம்மா, பூனை ராத்திரி பகலாக் கத்துதாம், நீ திரும்பிக்கூடப் பாக்கறதில்லயாம். சங்கத் தலைவர் ஹராகுச்சி வீட்டம்மா எனக்குப் போன் போட்டுச் சொல்றாங்க. என்னம்மா நடக்குது அங்க?"

சொல்லப்படுவது தவறு. கிளாரா கத்துவதில்லை. மருத்துவமனையிலிருந்து வந்தது முதல் நான் அவளை விட்டு நகரவில்லை. துணி துவைக்கும் கூடையில் துண்டு விரித்துப் படுக்க வைத்திருக்கிறேன். தையலை நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி ஒரு கூம்பு மாட்டியிருக்கிறார்கள். அது அவளுக்கு அவமானமாக இருப்பது முகத்தில் தெரிகிறது. கூழாக்கிய உணவை ஊசியில்லாத பீச்சுக்குழலில் ஏற்றி, வாயோரத்தில் சிறிது சிறிதாக விடுகிறேன். பாதி என் கைமேல் வழிகிறது. இத்தனைக்கும் அவள் ஒரு சத்தம் போட்டதில்லை. அவள் நல்ல வளர்ப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்டர் உராகாவா அவள் குடலிலிருந்து எடுத்ததை ஒரு குப்பியில் போட்டுக் காண்பித்தார். முடிச்சுப் போட்ட வெள்ளைச் சணல் நூல். என் வீட்டில் அப்படிப்பட்ட நூல் கிடையாது. உங்கள் முற்றத்தில் காலமான உங்கள் கணவரின் ஆன்மாவை வழியனுப்பப் படகு கட்டுகிறார்கள். மூங்கிலை எந்த நூலால் கட்டுகிறார்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

கத்துகிறாள் என்ற பேச்சை ஹராகுச்சி வீட்டுக்கு யார் கொண்டுபோனார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. மேல்வீடு உங்களுடையது என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

இவனாகா தெய்கோ


ஆகஸ்ட் 8

இவனாகா அம்மாவுக்கு,

எனக்கு எழுத வராது. எங்கள் வீட்டில் புத்தாண்டு அட்டைகூட அவர்தான் எழுதுவார். மேலே இருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நான் இதை உங்கள் பெட்டியிலேயே போட்டுவிடுகிறேன்.

நூல் எங்களுடையதுதான். உங்கள் கடிதத்தைப் படித்ததும் முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். உருண்டையின் ஒரு நுனி மென்று பிய்ந்திருக்கிறது. நாங்கள் கொகே என்று கூப்பிடும் உங்கள் பூனை படகுக்குள்ளே போய்ப் படுப்பது வழக்கம். அவர் இருந்தபோது அவர் மடியில் படுக்கும், இப்போது படகு என்று நினைத்து நாங்கள் விரட்டவில்லை. நூலை மூடிவைக்கத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஹராகுச்சி வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கும் காது இருக்கிறது. கத்துகிறது அம்மா. நான் இப்போதெல்லாம் தூங்குவதில்லை, அதனால் நன்றாகத் தெரியும். விடியப்போகும் நேரத்தில் ஆரம்பிக்கிறது. துருப்பிடித்த கீல் போல ஒரே சீராக இழுக்கிறது. கொஞ்ச நேரம் ஓயும், மறுபடி ஆரம்பிக்கும். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க என்னால் முடியவில்லை. நேற்று முன்தினம் வந்து உங்கள் வாசல் மணியை அடித்தேன். ஜன்னல் வழியாக நீங்கள் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நீங்கள் எழுந்து வரவில்லை. சரி, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று திரும்பிவிட்டேன்.

அவர் போன அன்றும் இப்படித்தான். எங்கள் வாசலில் உங்களிடம் நான் ஒன்று கேட்டேன். நீங்கள் அழகாகக் குனிந்து வணங்கிவிட்டுப் படியிறங்கிப் போனீர்கள். படித்தவர்கள் அப்படித்தான் என்று என் தங்கை சொன்னாள். நான் அவளை அதட்டினேன். ஆனால் மனதில் இருக்கிறது.

சுமியே


ஆகஸ்ட் 10

திருமதி மோட்டோமுரா அவர்களுக்கு,

நூலைப் பற்றி நீங்கள் நேராக ஒப்புக்கொண்டது உங்களுக்கு மதிப்புத் தருகிறது. ஏற்றுக்கொள்கிறேன்.

கீல் போன்ற சத்தம் என்றால் அது கீலாகவே இருக்கலாம். உங்கள் பின்கதவுக்கு எண்ணெய் இட்டுப் பாருங்கள். என் பூனையின் அருகில் நான் இருக்கிறேன், நீங்கள் இல்லை. அவள் பெயர் கிளாரா. கொகே என்று தீய்ந்த சோற்றின் பெயரை ஒரு பெண் பூனைக்கு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்று உங்கள் கணவர் இருந்தபோதே சொல்லியிருக்கிறேன். "நெறத்தப் பாத்தீங்களா, சட்டியில ஒட்டினது மாதிரியே இருக்கு" என்று அவர் சிரித்தார். நல்ல மனிதர்.

வாசல் மணி பழுதாகியிருக்கக்கூடும். உங்கள் வீட்டுத் துக்கத்தின்போது நான் முறைப்படி வந்து, முறைப்படி வணங்கினேன். யாருக்கும் பதில் மறுத்ததாக நினைவில்லை. முக்கியமானவற்றை எழுத்தில் கேட்பதும் எழுத்தில் சொல்வதும் கன்னியர் மடப் பள்ளியில் எங்களுக்குப் பழக்கப்படுத்திய ஒழுங்கு. தபால்தலையைப் பற்றிய உங்கள் வரியைப் பொருட்படுத்தவில்லை.

இப்போது ஒரு விண்ணப்பம். வரும் பதினைந்தாம் தேதி உங்கள் கணவரின் ஆன்மப் படகு புறப்படும். அது என் சமையலறை ஜன்னலை ஒட்டிய படியில்தான் இறங்கியாக வேண்டும். ஊர் வழக்கப்படி வாசலிலேயே சரவெடியைக் கொளுத்தித் தொடங்குவீர்கள். கிளாராவின் தையலில் ஒரு முனை இன்னும் ஈரமாக இருக்கிறது. அவள் துள்ளக் கூடாது, ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று மருத்துவமனைத் தாளில் அச்சிட்டிருக்கிறது. கீழே ஊர் முழுவதும் வெடிக்கும், அதை நான் தடுக்க முடியாது. மரக்கதவுகளை இழுத்து மூடிவிட்டால் அது தூரத்து இடியாக அடங்கிவிடும். ஜன்னலுக்குக் கீழே வெடித்தால் அப்படி அடங்காது. என் கணவரின் பழைய பனியனைக் கத்தரித்து அவள் வயிற்றுக்கு ஒரு உறை தைத்திருக்கிறேன். அதைத் தவிர என்னால் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை.

உங்கள் வாசலிலிருந்து பெரிய சாலை வரை வெடி இல்லாமல் படகு இறங்க முடியுமா? உங்கள் நம்பிக்கையில் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. முடியாது என்றால் முடியாது என்று எழுதுங்கள்.

இவனாகா தெய்கோ


ஆகஸ்ட் 12

இவனாகா அம்மாவுக்கு,

பின்கதவுக்கு எண்ணெய் போட்டேன். அதைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் நிற்கவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. கோபம் இல்லை, படகு கட்டுகிறவர்களைக் கேட்க வேண்டியிருந்தது. எல்லோரும் அவரோடு டிராம் ஓட்டியவர்கள். படகின் முன்பக்கத்தை டிராமின் முகம் போலவே செய்திருக்கிறார்கள், விளக்குகூட எரிகிறது. மூத்தவர் கொமினேயிடம் சொன்னேன். அவர் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, வெடி இல்லாம எறக்கறதா? நாம என்ன கன்ஜி அண்ணன வழியனுப்பறமா, இல்ல படகத் திருடிக்கிட்டுப் போறமா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வெடிச்சத்தம் வழியைச் சுத்தமாக்கும் என்பார்கள். சத்தம் இல்லையென்றால் போகிறவருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாது என்று என் மாமியார் சொல்லுவாள். எனக்கு அதெல்லாம் உறுதியாகத் தெரியாது. அவர் இறந்த பிறகு, இறந்தவர்களை வழியனுப்பும் முதல் ஒபொன் பண்டிகை இது, இன்னொரு முறை வராது. அது மட்டும் தெரியும்.

ஆனால் நூல் என்னுடையது. அதனால் சரி. பெரிய சாலை போகும்வரை வெடி இல்லை, 'தோய், தோய்' என்ற கூவலும் இல்லை. அடித்துக்கொண்டு போகும் வெண்கலத் தட்டைத் துண்டால் சுற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். சாலையைத் தொட்ட பிறகு நாங்கள் நிறுத்த மாட்டோம். அதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள்.

உப்பில்லாமல் வேகவைத்த மீன் கொஞ்சம் உங்கள் வாசற்படியில் மூடி வைத்திருக்கிறேன். அவர் கையால் அதைத்தான் தின்னும். முள் எடுத்திருக்கிறது.

சுமியே


ஆகஸ்ட் 16

திருமதி மோட்டோமுரா அவர்களுக்கு,

நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கு என் மேசைமேல் இருக்கிறது. அதை நம்பி இருந்துவிட்டேன்.

நேற்று மாலை எல்லாக் கதவுகளையும் மூடினேன். கிளாரா கூடையில் அமைதியாக இருந்தாள். உங்கள் மீனில் கொஞ்சம் தின்றிருந்தாள், தானாகவே தின்றாள். இத்தனை நாளில் முதல் முறை. காயத்தைத் துடைக்க வெந்நீர் தேவைப்பட்டது. பழைய கெட்டில் சென்ற மாதம் வற்றிக் கருகிப் போனதால் மகள் அனுப்பிய புதியது அன்று மதியம்தான் வந்து சேர்ந்தது. அதில் தண்ணீரை ஏற்றி அடுப்பில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். கதவிடுக்கில் விளக்குகளின் வெளிச்சம் இறங்கியது, உங்கள் படகு வந்துவிட்டது என்று தெரிந்தது. அந்தக் கணத்தில் அவள் காதுகள் தலையோடு ஒட்டின. முதுகுமயிர் முழுவதும் எழுந்தது. கூடையிலிருந்து தாவி உடைப்பெட்டிக்கு அடியில் பாய்ந்தாள். கூம்பு விளிம்பில் சிக்கியது. அவள் பின்னங்கால்களால் உதைத்து உதைத்துத் தன்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் தரையில் படுத்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். எட்டவில்லை. வெளியே எடுத்தபோது பனியன் உறை சிவப்பாக இருந்தது.

வெடிமருந்து வாசனை வீட்டுக்குள் வந்தது. இன்று காலையில் என் ஜன்னலுக்கு நேர் கீழே படியில் சிவப்பு வெடிக்காகிதத் துணுக்குகளைப் பெருக்கினேன். ஒரு பூனைக்காகக் கொடுத்த வாக்கு வாக்கில்லை என்று கொமினே சொல்லியிருக்கலாம், நீங்களும் சிரித்திருக்கலாம். முடியாது என்று எழுதியிருந்தால் அவளை மகள் வீட்டுக்காவது கொண்டு போயிருப்பேன்.

டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன். இனி உங்களுக்கு எழுத எனக்கு எதுவும் இல்லை.

இவனாகா தெய்கோ


ஆகஸ்ட் 17

இவனாகா அம்மாவுக்கு,

நீங்கள் எழுதமாட்டேன் என்றாலும் இதைப் படியுங்கள். படித்த பிறகு என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஒரு வெடிகூடக் கொளுத்தவில்லை. என் வாசலிலிருந்து உங்கள் ஜன்னல்வரை ஒருவரும் பேசக்கூட இல்லை. செருப்புச் சத்தமும் மூங்கில் முனகுவதும்தான். அந்தக் காகிதங்கள் சாலையிலிருந்து திரும்பி வந்தவர்களின் சட்டையிலிருந்து உதிர்ந்தவை. அந்த வாசனை அன்றைக்கு ஊர் முழுவதும் இருந்தது.

கத்தியது உங்கள் கெட்டில்.

நாங்கள் வாயை மூடிக்கொண்டு வந்ததால் அது எல்லோருக்கும் கேட்டது. உங்கள் ஜன்னலை நெருங்கும்போது ஆரம்பித்தது. அப்படி ஒரு விசிலை நான் கேட்டதில்லை. முன்னால் தூக்கிக்கொண்டிருந்தவர், "யாராவது அந்தக் கெட்டிலை எறக்குங்கப்பா, காது கிழியுது" என்றார். கொமினே, "வீட்ல ஆளு இருக்காங்களா? வெளிச்சம் தெரியுதே" என்றார். மணி அடித்தேன். மணி பழுதில்லை அம்மா, உள்ளே அடித்தது எனக்குக் கேட்டது. கதவைத் தட்டினேன், பிறகு கையால் அறைந்தேன். கெட்டில் நிற்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. சமையலறைக் கதவு தாழிடாமல் இருந்தது, உள்ளே வந்துவிட்டேன். தண்ணீர் பாதிக்குமேல் போயிருந்தது. அடுப்பை அணைத்தேன்.

நீங்கள் உள் அறையில் எனக்கு முதுகு காட்டித் தரையில் படுத்து, பெட்டிக்கு அடியில் கையை விட்டிருந்தீர்கள். உள்ளே கொகே கத்திக்கொண்டிருந்தது. குழந்தை கத்துகிற மாதிரி. நீங்கள் அதைப் பார்த்து, "ஏண்டி ஒரு வார்த்தை பேசாம ஒளிஞ்சுக்கற, எங்க வலிக்குதுன்னு சொல்லேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அது கத்திக்கொண்டே இருந்தது. நான் உங்கள் பின்னால் நின்று, "இவனாகா அம்மா" என்றேன். நன்றாகச் சத்தமாகவே. நீங்கள் திரும்பவில்லை.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தோளைத் தொட்டிருக்கலாம். தொடவில்லை. அப்படிக் கிடந்த உங்களை நான் பார்த்தது தெரிந்தால் உங்களால் தாங்க முடியாது என்று நினைத்தேன். வெளியே என் வீட்டுக்காரர் நாலு பேர் தோளில் நின்றுகொண்டிருந்தார். வந்த வழியே போய்விட்டேன். இப்போது யோசித்தால், தொட்டிருக்க வேண்டும்.

யாரிடமும் நான் சொல்லவில்லை. கொமினேயிடம், அம்மா தூங்கிவிட்டார்கள் என்று சொன்னேன்.

அவர் போன அன்று நான் கேட்டதும் உங்களுக்கு எட்டவில்லை என்று இப்போது தெரிகிறது. இத்தனை மாதம் உங்களை வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

சுமியே


ஆகஸ்ட் 19

சுமியே அவர்களுக்கு,

முதலில் செய்ய வேண்டியது முதலில். நான் உங்களைப் பொய்யர் என்று எழுதினேன். நீங்கள் உங்கள் கணவரை வீட்டு வாசலிலிருந்து ஓசையில்லாமல் அனுப்பினீர்கள், என் வேண்டுகோளுக்காக. அதைத் திருப்பித் தர என்னிடம் எதுவும் இல்லை. பதினாறாம் தேதிக் கடிதத்தை எரித்துவிடுங்கள்.

அடுப்பை நானே அணைத்ததாக நினைத்திருந்தேன். கெட்டில் வந்த அட்டைப்பெட்டியின் மேல், கொதித்தால் விசிலடிக்கும் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. படிக்காமல் மடித்துக் கட்டி வைத்துவிட்டேன். ஓசாகாவில் ஒருத்தி எனக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று தேடி வாங்கி அனுப்பியிருக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என் இடது காது வெகு நாளாக எதற்கும் உதவுவதில்லை. வலது காதுக்கு ஒரு கருவி வைத்திருந்தேன். இந்த இளவேனிலில் அதுவும் பயனற்றுப் போனது. எதிரில் நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் பெரும்பாலும் புரிந்துகொள்வேன். உங்கள் வாசலில் அன்று நீங்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள். ஏதோ சொல்கிறீர்கள் என்று தெரிந்தது. துக்க வீட்டில் மறுபடி கேட்கக் கூடாது என்று நினைத்து, வணங்கினால் எதற்கும் பொருந்தும் என்று வணங்கினேன். டாக்டரும் முகக்கவசம் போடுகிறவர். முதல் தடவை அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இம்முறை எழுதித் தரச் சொன்னேன். தையலில் பாதி பிரிந்திருக்கிறது. இந்த வயதில் மறுபடி மயக்கம் கொடுத்தால் எழ மாட்டாள், அதனால் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாளில் அவர் கையெழுத்தில் இருப்பது இது: 'விட்டுவிட்டுக் கத்தினால் பரவாயில்லை. தாழ்ந்த குரலில் நிறுத்தாமல் முனகினால் உள்ளே சீழ் பிடிக்கிறது என்று பொருள். எந்த நேரமானாலும் உடனே கொண்டு வாருங்கள்.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். வாய் திறக்கிறது, மூடுகிறது. கொட்டாவியா, அழைப்பா, தெரியவில்லை. விலாவில் கையை வைத்துப் பார்க்கிறேன். உள்ளங்கையில் ஒரு அதிர்வு இருக்கிறது. முன்பெல்லாம் என் மடியில் படுத்துக் கண்ணை மூடும்போதும் இதே அதிர்வுதான். சுகமாக இருக்கிறாளா, முனகுகிறாளா என்று என் கைக்குப் பிரித்துச் சொல்ல வரவில்லை. இத்தனை நாளும் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நல்ல வளர்ப்பு என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டுக்கு அவள் குரல் கேட்கிறது. சமையலறைக் கதவைத் தாழிடாமல் வைத்திருக்கிறேன். வந்து நின்று கேளுங்கள். நான் திரும்பாவிட்டால் தோளைத் தொடுங்கள். என் முகத்தைப் பார்த்து வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், நான் சரி என்று தலையாட்டிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு ஊறிப்போய்விட்டது. மேசைமேல் தாளும் பென்சிலும் இருக்கின்றன.

இரண்டு கேள்விகள். அன்று உங்கள் வாசலில் என்னிடம் என்ன கேட்டீர்கள்? கிளாரா இப்போது விட்டுவிட்டுக் கத்துகிறாளா, நிறுத்தாமல் முனகுகிறாளா?

முதல் கேள்விக்கு உங்களுக்கு முடிந்தபோது எழுதினால் போதும். இரண்டாவதற்கு, இந்தக் கடிதம் கையில் கிடைத்தவுடன் எழுத்தில் பதில் தாருங்கள்.

தெய்கோ